கையும் கையொப்பமும்: இந்தியாவில் விமான எஞ்சின் பணியாளர் உருவான வரலாறு

இந்திய விமானப் போக்குவரத்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1932 அக்டோபர் 15ஆம் நாளிலிருந்தே தொடங்குகின்றனர். அன்று ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் புஸ் மாத் விமானமொன்றை ஓட்டிவந்தார். பம்பாயிலிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்கு அத்தபாலைக் கொண்டுசேர்த்தவர் நெவில் வின்சென்ட். இவ்விருவர் பெயரும் நூல்களில் நிலைபெற்றுவிட்டன. விமானத்தின் முகப்பிலிருந்த ஜிப்ஸி எஞ்சினைச் சோதித்து, அது பறக்கத் தகுந்த நிலையில் உள்ளது எனப் பதிவேட்டில் கையொப்பமிட்டவரின் பெயர் அப்படி நிலைபெறவில்லை.

இந்த விடுபடல் தற்செயலானதன்று. விமான வரலாறு முதலில் ஓட்டியவர்களின் வரலாறாகவும், அடுத்து வடிவமைத்தவர்களின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. பராமரித்தவர்கள் அதில் எண்ணிக்கையாக மட்டுமே இடம்பெறுகின்றனர். அவர்களை வரலாற்றுக்குள் கொண்டுவர, அவர்கள் பெற்ற பயிற்சி நல்லதொரு வாயில். யாரைச் சேர்த்தார்கள், எதைக் கற்பித்தார்கள், எதைக் கற்பிக்காமல் நிறுத்திக்கொண்டார்கள், கற்றவருக்கு எந்த அதிகாரத்தை வழங்கினார்கள் என்னும் கேள்விகள் ஒரு தொழிலின் வரலாற்றோடு ஓர் ஆட்சியின் இயல்பையும் காட்டக்கூடியவை.

விமான எஞ்சின் பணிக்குரிய தனித்தன்மை ஒன்றை இங்கே முதலில் நினைவிற்கொள்ள வேண்டும். பஞ்சாலையில் ஃபிட்டர் ஓர் இயந்திரத்தைச் சரிசெய்தால், அது ஓடுவதே அவர் வேலைக்குச் சான்று. ரயில் எஞ்சின் வழியில் பழுதானால் வண்டி தண்டவாளத்தில் நிற்கும். வானத்தில் நிற்க இடமில்லை. ஆகவே விமான எஞ்சினில் செய்யப்படும் வேலை, அதற்குரிய தகுதி பெற்ற ஒருவர் பதிவேட்டில் கையொப்பமிட்ட பின்னரே முடிந்ததாகக் கருதப்படும். அந்தக் கையொப்பத்துக்குச் சட்டப் பொறுப்பு உண்டு. எனவே இத்தொழிலுக்கான பயிற்சி இருபகுதிகளைக் கொண்டது. ஒன்று கையைப் பழக்குவது. மற்றொன்று கையொப்பமிடும் தகுதியை அளிப்பது. இந்தியாவில் இவ்விரண்டும் ஒரே வேகத்தில் வளரவில்லை. கை விரைவாகக் கற்றது. கையொப்ப உரிமை தாமதமாகவும் துண்டுதுண்டாகவும் வந்தது. ஒரு பகுதி வந்த பின்னரும் கைநழுவியது. இக்கட்டுரை அந்த இடைவெளியைப் பின்தொடர்கிறது.

1. நான்கு எழுத்துகளும் ஒரு கொட்டகையும்

முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டனில் குடிமை விமானப் பணிக்கு உரிம முறை வகுக்கப்பட்டபோது, பராமரிப்போர் ‘கிரவுண்ட் என்ஜினியர்’ எனப்பட்டனர். அவர்களின் உரிமம் ஆங்கில எழுத்துகளால் பிரிக்கப்பட்டது. ஏ, பி என்பவை விமான உடலுக்கும் சி, டி என்பவை எஞ்சினுக்கும் உரியவை. திசைகாட்டி, மின்கருவி போன்ற தனிப்பணிகளுக்கு எக்ஸ் என்னும் பிரிவு இருந்தது. எஞ்சினுக்குரிய இரு எழுத்துகளின் வேறுபாடு கவனத்துக்குரியது. பறப்பதற்கு முன் எஞ்சினைச் சோதித்துச் சான்றளிப்பவர் சி உரிமம் பெற்றவர். எஞ்சினை முழுவதும் கழற்றிச் சீரமைத்தபின் சான்றளிப்பவர் டி உரிமம் பெற்றவர். பட்டறைகளில் இன்றும் ‘ஓவர்ஹால்’ என வழங்கும் வேலை இது.

இவை இருவகை அறிவுகள். முன்னது ஓடும் எஞ்சினின் ஒலி, அழுத்தமானியின் அளவு, எண்ணெயின் நிறம் ஆகியவற்றைக் கொண்டு உள்நிலையை ஊகிப்பது. பின்னது எஞ்சினைத் திறந்து, ஒவ்வோர் உறுப்பின் தேய்மானத்தையும் மைக்ரோமீட்டரால் அளந்து, எது மீண்டும் உள்ளே செல்லலாம், எது செல்லக்கூடாது என முடிவுசெய்வது. முதல் அறிவுக்கு விமானத்தின் அருகில் ஓர் ஆள் போதும். இரண்டாம் அறிவுக்குப் பட்டறை, அளவுகருவிகள், சோதனை மேடை, உதிரிப்பொருள் கிடங்கு, தயாரிப்பாளரின் கையேடு அனைத்தும் வேண்டும். இக்கட்டுரையின் இறுதியில் இவ்வேறுபாடு மீண்டும் தேவைப்படும்.

இந்தியாவில் 1934ஆம் ஆண்டின் விமானச் சட்டமும் 1937ஆம் ஆண்டின் விமான விதிகளும் இந்த உரிம முறைக்குச் சட்ட அடித்தளம் அமைத்தன. பராமரிப்புப் பொறியாளர் உரிமத்தைப் பற்றிய 61ஆம் விதி, பின்னாளில் பல தலைமுறை மாணவர்கள் மனப்பாடமாக அறிந்த எண். ஆனால் உரிமத் தேர்வுக்கு முன்பாகக் கற்கும் இடம் எது என்னும் கேள்விக்குச் சட்டத்தில் விடை குறைவு. 1920களின் இறுதியிலிருந்து டெல்லி, பம்பாய், கராச்சி, கல்கத்தா, சென்னை ஆகிய நகரங்களில் தோன்றிய பறக்கும் சங்கங்களின் கொட்டகைகளே பள்ளிகளாயின. டாட்டா நிறுவனம் தன் பணியைத் தொடங்கிய ஜூஹூ மைதானத்திலும் கீற்று வேய்ந்த கொட்டகையே பட்டறை. உரிமம் பெற்ற ஒருவரின் கீழ் அப்ரண்டிஸாகச் சேர்ந்து, உறுப்புகளை மண்ணெண்ணெயில் கழுவுவது, ஸ்பார்க் பிளக் துடைப்பது, மேக்னெட்டோவின் தொடுமுனை இடைவெளியை அளப்பது என்று தொடங்கி, ஆண்டுக்கணக்கில் பார்த்தும் செய்தும் கற்பதே வழி. தச்சரும் கருமாரும் தம் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பித்த முறைக்கு இது தொலைவானதன்று. வேறுபாடு ஒன்றே: முடிவில் அரசு நடத்தும் ஆங்கிலத் தேர்வொன்று காத்திருந்தது. கை தேர்ந்தவர்களுள் எவர் கையொப்பமிடும் நிலைக்கு உயர்வர் என்பதை மொழியும் பள்ளிப்படிப்பும் தீர்மானித்தன.

2. டிரிக் ரோட்டின் ஹவாய் சிப்பாய்கள்

படைத்துறையில் இதே கேள்வி வெளிப்படையான அரசியல் வடிவம் பெற்றது. படையதிகாரத்தை இந்தியமயமாக்குவது பற்றி ஆராய்ந்த ஸ்கீன் குழு, 1920களின் பிற்பகுதியில் இந்தியருக்கு வான்படைப் பிரிவொன்று வேண்டுமெனப் பரிந்துரைத்தது. 1932 அக்டோபர் 8ஆம் நாள் இந்திய வான்படை சட்டப்படி தோன்றியது. 1933 ஏப்ரல் 1ஆம் நாள் கராச்சியின் டிரிக் ரோட்டில் முதல் ஸ்குவாட்ரனின் முதல் பிரிவு அமைந்தது. நான்கு வாப்பிட்டி விமானங்கள். கிரான்வெல்லில் பயின்று வந்த அதிகாரிகள். 19 ‘ஹவாய் சிப்பாய்கள்’. பெயரைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் வான்படையின் தரைப்பணியாளர் ‘ஏர்மேன்’ எனப்பட்டார். அதே ஸ்பேனரைப் பிடித்த இந்தியருக்கு வழங்கப்பட்டது காலாட்படையின் பழைய சொல்.

பயிற்சியிலும் அந்த வேறுபாடு தெரிந்தது. பிரிட்டனில் ஹால்டனில் இயங்கிய தொழில்நுட்பப் பயிற்சிப் பள்ளி, பதின்வயதுச் சிறுவர்களைச் சேர்த்து மூன்று ஆண்டுகள் பட்டறைப் பயிற்சியும் வகுப்பறைக் கல்வியும் ஒருங்கே அளித்தது. பயிற்சி முடித்தோருள் சிலர் அதிகாரிப் பயிற்சிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அதற்கு இணையான நிறுவனம் இந்தியருக்காக இந்தியாவில் அமைக்கப்படவில்லை. ஹவாய் சிப்பாய்கள் டிரிக் ரோட்டுப் பணிமனையில், பிரிட்டிஷ் தொழிலாசிரியர்களிடம், வேலையோடு வேலையாகக் கற்றனர். வாப்பிட்டியின் எஞ்சின் ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த பிரிஸ்டல் ஜூபிடர். சிந்துவின் மணற்புழுதியிலும் வடமேற்கு எல்லையின் குளிரிலும் அதை ஓடும் நிலையில் வைத்திருப்பதே அவர்களின் பாடத்திட்டமாயிற்று. அவர்கள் அத்தொழிலைக் கற்க முடியுமா என்பதோடு, அவர்கள் ‘சரி’ என்று சொன்ன விமானத்தில் பிறர் ஏறுவார்களா என்பதும் சேர்ந்தே சோதிக்கப்பட்டது.

அந்த முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் ஹர்ஜிந்தர் சிங். லாகூரின் மக்லகன் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். பொறியியல் பட்டம் பெற்ற இந்தியர் வான்படையின் தொழில்நுட்பப் பிரிவில் அதிகாரியாக நேரே நுழைவதற்கான பாதை அன்று இல்லாததால், அவர் ஹவாய் சிப்பாயாகவே சேர்ந்தார். 1942இல் முதல் ஸ்குவாட்ரன் லைசாண்டர் விமானங்களோடு பர்மாவுக்குச் சென்றபோது அவர் வாரண்ட் ஆபீசர். உளவுப் பணிக்கென வடிவமைக்கப்பட்ட அவ்விமானத்தில் குண்டுகளைச் சுமப்பதற்கான தாங்கிகளைக் களத்திலேயே அமைத்ததில் அவர் பங்கு பெரிது. போர்க்காலத்தில் அதிகாரி நியமனம் பெற்று, விடுதலைக்குப் பின் ஏர் வைஸ் மார்ஷலாக உயர்ந்து, வான்படையின் பராமரிப்புக் கட்டளையகத்துக்குத் தலைமை வகித்தார். 1961 நவம்பரில் கான்பூரில் ஒருங்கிணைக்கப்பட்ட முதல் ஆவ்ரோ 748 விமானம் பறந்ததும் அவர் பொறுப்பில்தான்.

அவர் வாழ்க்கையைத் தனிமனித வெற்றிக் கதையாகச் சொல்வது வழக்கம். பயிற்சி வரலாற்றின் நோக்கில் அது வேறொன்றையும் காட்டுகிறது. பட்டம் பெற்றவர் பட்டறை மேசையில் அமர நேர்ந்தது ஓர் அநீதியின் விளைவு. ஆயினும் அந்த அநீதியால், கணக்கும் கையும் ஒருவரிடமே சேர்ந்த தொழில்நுட்ப அதிகாரி ஒருவர் உருவானார். விடுதலை பெற்ற இந்தியா அந்த அநீதியைக் களைந்தது. கணக்கையும் கையையும் சேர்த்துவைக்கும் ஏற்பாட்டை அதனோடு உருவாக்கியதா என்பது அடுத்த கேள்வி.

3. பெங்களூரும் ட்வின் வாஸ்ப் எஞ்சினும்

1940 டிசம்பரில் வால்சந்த் ஹீராசந்த், மைசூர் அரசின் பங்கேற்புடன் பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தைத் தொடங்கினார். இயந்திரங்களையும் தொழில்நுட்ப வழிகாட்டலையும் அமெரிக்கரான வில்லியம் பாலி ஏற்பாடு செய்தார். விமானம் கட்டுவதே திட்டம். போர் அதை மாற்றியது. 1942இல் வால்சந்தின் பங்கை இந்திய அரசு ஏற்றது. 1943இல் தொழிற்சாலையின் நிர்வாகம் அமெரிக்க ராணுவ வான்படையிடம் சென்றது. பெங்களூர் ஒரு பெரும் பழுதுபார்ப்பு நிலையமாயிற்று.

உற்பத்தி வரலாற்றின் நோக்கில் இது ஓர் இடைமுறிவு. அவ்வாறே பெரும்பாலும் எழுதப்பட்டுள்ளது. பயிற்சி வரலாற்றில் இதற்கு வேறு பொருள். பெங்களூருக்கு வந்த டகோட்டா போக்குவரத்து விமானங்கள், கடற்காவலுக்கான கேட்டலினாக்கள், லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஆகியவை வடிவில் ஒன்றோடொன்று தொடர்பற்றவை. ஆனால் மூன்றிலும் பொருத்தப்பட்டிருந்தது ஒரே குடும்ப எஞ்சின்: பிராட் அண்ட் விட்னி ட்வின் வாஸ்ப். ஏழேழாக இருவரிசையில் 14 சிலிண்டர்கள், சுமார் 1,200 குதிரைத்திறன். ஒரு சிலிண்டருக்கு இரண்டு வீதம் 28 ஸ்பார்க் பிளக்குகள். நான்கு எஞ்சின் கொண்ட லிபரேட்டர் ஒன்றில் மட்டும் 112. பிரித்தல், கழுவுதல், காந்தத்தூள் கொண்டு விரிசல் தேடுதல், அளத்தல், சேர்த்தல், சோதனை மேடையில் ஓட்டுதல் என வேலை வரிசைப்படுத்தப்பட்டிருந்தது. ஒவ்வொரு நிலையிலும் ஆய்வாளரின் முத்திரை விழுந்த பின்னரே உறுப்பு அடுத்த மேசைக்குச் சென்றது. ஓர் ஆசான் முழு எஞ்சினையும் கற்பித்த ஜூஹூ முறைக்கு இது நேர்மாறானது. ஒருவர் ஒரு நிலையை மட்டும் கற்றார். ஆனால் மிக விரைவாகவும் பெருந்தொகையிலும் கற்றனர்.

இக்காலத்தில் வேறு இரு பயிற்சி முயற்சிகளும் நடந்தன. பிரிட்டனின் தொழிலமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் அறியப்பட்ட திட்டத்தின்கீழ் 1941 முதல் இந்தியத் தொழிலாளர்கள் லெட்ச்வொர்த் பயிற்சி மையத்துக்கு அனுப்பப்பட்டனர். 1942 டிசம்பரில் பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்தில் விமானப் பொறியியல் துறை தொடங்கப்பட்டது. அதன் தொடக்ககால முதன்மை ஆசிரியரான வி.எம். காட்கே, பின்னாளில் 1951இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானத்தை வடிவமைத்தவர். ஆக, போர் முடிவதற்குள் இந்தியாவில் விமானத் தொழிலுக்கு இரண்டு ஏணிகள் சாத்தப்பட்டுவிட்டன. ஒன்று வடிவமைப்பாளருக்கானது, பட்டத்தில் தொடங்குவது. மற்றொன்று பட்டறைக்கானது, பழகுநராகத் தொடங்குவது. ஒரே நகரில் சில கல் தொலைவில் இருந்த இவ்விரு ஏணிகளுக்கிடையே குறுக்குப்படிகள் மிகக் குறைவு.

4. கான்பூரின் கழிவுகள்

1947இன் பிரிவினை பயிற்சி நிலையங்களையும் பிரித்தது. இந்திய வான்படையின் கைகள் முதன்முதலில் பழகிய டிரிக் ரோடு பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியா புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. 1949இல் பெங்களூரை அடுத்த ஜாலஹள்ளியில் வான்படைத் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. தாம்பரத்தில் அமைந்த இயந்திரவியற் பயிற்சி நிலையம் இன்றளவும் வான்படையின் எஞ்சின் ஃபிட்டர்களை உருவாக்கிவருகிறது.

இந்நிறுவனங்கள் வேரூன்றுவதற்கு முன்பே காஷ்மீர்ப் போர் வந்தது. 1947 அக்டோபர் 27ஆம் நாள் ஸ்ரீநகருக்குத் துருப்புகளை ஏற்றிச்சென்றவை டகோட்டாக்கள். பெங்களூர்த் தொழிலாளர்கள் நான்காண்டுகளாகப் பிரித்துச் சேர்த்துவந்த ட்வின் வாஸ்ப் எஞ்சினே அவற்றிலும் ஓடியது. அடுத்து நிகழ்ந்தது அக்கைகளின் திறனுக்கு இன்னும் தெளிவான சான்று. போர் முடிந்தபின் திருப்பியனுப்பவோ பயன்படுத்தவோ விரும்பப்படாத லிபரேட்டர்கள் கான்பூரில் சேதப்படுத்தப்பட்டுக் கைவிடப்பட்டிருந்தன. அவற்றை மீட்கலாமா என ஆராய்ந்த ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம், பறக்கக்கூடிய அளவுக்குக் கான்பூரிலேயே செப்பனிட்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் பெங்களூருக்குப் பறக்கச் செய்து, அங்கே முழுமையாகச் சீரமைத்தது. அவற்றைக் கான்பூரிலிருந்து ஓட்டிச்சென்றவர் நிறுவனத்தின் சோதனை விமானி ஜே.கே. முன்ஷி. 1948 நவம்பரில் அவற்றைக் கொண்டு 5ஆம் ஸ்குவாட்ரன் அமைந்தது. 1960களின் பிற்பகுதிவரை அவை இந்திய வானில் பறந்தன.

இந்நிகழ்ச்சி ‘இந்தியரின் தற்காலிகச் சமாளிப்புத் திறன்’ என்று பாராட்டப்படுவதுண்டு. அப்பாராட்டு உண்மையை மறைக்கிறது. லிபரேட்டர் பெங்களூர்த் தொழிலாளருக்குப் புதிரன்று. அதன் எஞ்சினை அமெரிக்க ஆய்வாளரின் முத்திரைக்காக அவர்கள் எண்ணற்ற முறை பிரித்துச் சேர்த்திருந்தனர். இப்போது மாறியது ஒன்றுதான்: முத்திரை அவர்களுடையது. போர்க்காலம் கைக்கு அளித்த பயிற்சி, கையொப்பமாக முதிர்ந்த தருணம் அது. வடிவமைத்தவர் பக்கத்தில் இல்லாமலேயே, ஓர் எஞ்சின் பறக்கத் தகுந்ததா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை இந்தியப் பட்டறை தானாகச் செலுத்தியது.

5. மூன்று ஸ்பேனர் பெட்டிகள்

ஜெட் காலம் அந்தத் தன்னம்பிக்கையை வேறு திசையில் கொண்டுசென்றது. 1957இல் பெங்களூரில் எஞ்சின் பிரிவு தொடங்கி, பிரிட்டனின் ஆர்ஃபியஸ் எஞ்சினை உரிம ஒப்பந்தத்தின்கீழ் தயாரிக்க முற்பட்டது. கர்ட் டாங்க் தலைமையில் உருவாகி 1961 ஜூனில் பறந்த மாருத் விமானத்திலும் ஆர்ஃபியஸே பொருத்தப்பட்டது. 1964இல் நிறுவனம் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் ஆனது. மிக்-21 விமானத்தின் எஞ்சினைத் தயாரிக்க ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்தில், சுனாபேடா மலைப்பகுதியில் தொழிற்சாலை எழுந்தது.

இந்தியாவில் பயின்ற மூத்த ஃபிட்டரின் கருவிப்பெட்டி இவ்வரலாற்றின் சுருக்கம். பிரிட்டிஷ் எஞ்சினுக்கு விட்வொர்த் அளவு ஸ்பேனர்கள். அமெரிக்க எஞ்சினுக்கு வேறோர் அங்குல அளவு. சோவியத் எஞ்சினுக்கு மில்லிமீட்டர். ஒவ்வொரு பெட்டியும் ஓர் அயலுறவுக் கொள்கையின் எச்சம். ஸ்பேனர் மட்டும் மாறவில்லை. கையேட்டின் மொழியும் வரைபட மரபும் சோதனை நெறிகளும் மாறின. சோவியத் ஆவணங்கள் ரஷ்ய மொழியில் வந்தன. மொழிபெயர்ப்பு தொழிற்சாலைப் பணியின் ஒரு பகுதியாயிற்று.

உரிம உற்பத்தி கற்பித்ததும் கற்பிக்காததும் எவை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். டர்பைன் பிளேடை எந்த அளவுக்குள் தீட்ட வேண்டும், எந்த இறுக்கத்தில் போல்ட்டைத் திருக வேண்டும், லாக் வயரை எத்திசையில் முறுக்க வேண்டும் என்பன ஒப்பந்தத்தின் வழியே வந்தன. அந்த அளவு ஏன் அந்த அளவு என்பது வரவில்லை. அளவிலிருந்து மயிரிழை விலகிய உறுப்பைப் பயன்படுத்தலாமா என்னும் கேள்வி எழும்போதெல்லாம் விடை பிரிஸ்டலிலிருந்தோ மாஸ்கோவிலிருந்தோ வர வேண்டியிருந்தது. லிபரேட்டரில் பட்டறை தானே எடுத்த முடிவுகளை, ஜெட் எஞ்சினில் வடிவமைத்தவரின் மேசைக்கு அனுப்ப நேர்ந்தது. இதற்கு நியாயமான தொழில்நுட்பக் காரணம் உண்டு. பெருவெப்பத்தில், நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுழலும் டர்பைன் தட்டில் அனுபவ ஊகத்துக்கு இடமில்லை. ஆயினும் விளைவு ஒன்றே: கை நுட்பமடைந்தது, கையொப்பம் சுருங்கியது.

இதே காலத்தில் தொழிற்பயிற்சி நாட்டளவில் ஒழுங்கமைக்கப்பட்டது. போருக்குப் பின் படைவீரர் மறுவாழ்வுக்கெனத் தோன்றிய அமைப்பின் வழியே 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டமும், அதன் வடிவமாகத் தொழிற்பயிற்சி நிலையங்களும் வந்தன. 1961இல் தொழிற்பழகுநர் சட்டம் இயற்றப்பட்டது. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் சான்றிதழ் பெற்ற இளைஞர்கள் விமானத் தொழிற்சாலைகளின் பழகுநர் பயிற்சிக்கு வந்தனர். முதல் தலைமுறைப் படிப்பாளிகள் பலருக்கு இது பெரும் வாயில் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஏணிகள் இரண்டும் அப்படியே நின்றன. கையால் செய்யும் வேலையைக் கீழாகவும் தாளில் செய்யும் வேலையை மேலாகவும் மதிக்கும் பழைய சாதிய மனப்பாங்கு, ‘தொழிலாளி – அதிகாரி’ என்னும் புதிய சொற்களில் தொடர இந்த அமைப்பு இடமளித்தது. சுனாபேடாவில் இக்கேள்வி மேலும் கூர்மையாகிறது. அங்கே தொழிற்சாலைக்காக நிலமிழந்தவர்களுள் ஆதிவாசிகள் பலர். அவர்களின் பிள்ளைகளுள் எத்தனை பேர் எஞ்சின் மேசைக்கு வந்தனர், எத்தனை பேர் வாயிற்புறத்திலேயே நின்றனர் என்பது சமூக வரலாற்றாய்வாளர் ஆவணங்களோடு எதிர்கொள்ள வேண்டிய கேள்வி.

6. தாளும் மேசையும்

குடிமை விமானத் துறையில் கையொப்பத்துக்கான பாதை தேர்வுத்தாள்களாக வகுக்கப்பட்டது. குடிமை விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடத்திய பழைய முறையில் முதல் தாள் சட்டவிதிகள், இரண்டாம் தாள் பொது அறிவியல், மூன்றாம் தாள் குறிப்பிட்ட பிரிவு. 2010களில் ஐரோப்பிய முறையைத் தழுவி சி.ஏ.ஆர்.-66 என்னும் விதித்தொகுதி வந்தது. பழைய எழுத்துகள் போய் ஏ, பி1, பி2, சி என்னும் புதிய பிரிவுகள் வந்தன. பாடங்கள் தொகுதிகளாக எண்ணிடப்பட்டன: மனிதக் காரணிகள் 9, சட்டவிதிகள் 10, டர்பைன் எஞ்சின் 15, பிஸ்டன் எஞ்சின் 16, புரொப்பெல்லர் 17. தேர்ச்சிக்கு 75 விழுக்காடு வேண்டும்.

இம்முறையின் உள்ளே பழைய வேறுபாடு மறைந்திருக்கிறது. தாள்களை வென்றாலும் உரிமம் வராது. இயங்கும் விமானங்களில் பணிசெய்த அனுபவம் பதிவேட்டில் காட்டப்பட வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சி பெற்றவருக்கு டர்பைன் விமானத்துக்கான பி1 உரிமத்துக்கு இரண்டாண்டு அனுபவம். முறையான பயிற்சி ஏதுமில்லாதவருக்கு ஐந்தாண்டு. அதன் பின்னரும் குறிப்பிட்ட விமான வகைக்கும் எஞ்சினுக்குமான பயிற்சியை முடித்தால்தான் அவ்விமானத்துக்குச் சான்றளிக்கலாம். விதியின் நோக்கம் செம்மையானது. ஜூஹூ கொட்டகையின் ஆண்டுக்கணக்கான பழக்கத்தையே அது வேறு மொழியில் கோருகிறது.

இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. அனுபவம் பெறுமிடம் பயிற்சிப் பள்ளியின் கையில் இல்லை. தனியார் பள்ளிகள் பெருகியபோது வகுப்பறையும் தேர்வும் பெருகின. இயங்கும் எஞ்சின்களும் அவற்றின் அருகில் நிற்க வாய்ப்பளிக்கும் பட்டறைகளும் அதே அளவில் பெருகவில்லை. நிலையிலேற்றி வைத்த பழைய எஞ்சினைச் சுற்றி நின்று பெயர் சொல்லக் கற்ற மாணவர், ஓடி நிறுத்திய எஞ்சினுக்குள் போரோஸ்கோப்பைச் செலுத்தி, பிளேடின் விளிம்பிலுள்ள கீறலைக் கையேட்டின் எல்லையோடு ஒப்பிட்டு முடிவெடுக்கும் நிலைக்கு எளிதில் வருவதில்லை. தாள்களுள் பலவற்றை முடித்தும் அனுபவப் பதிவு கிடைக்காமல் வேறு தொழிலுக்குச் சென்றவர்களின் வரலாறு, உரிமம் பெற்றவர்களின் பட்டியலில் தெரியாது.

7. டி என்னும் எழுத்து

1930களின் சி, டி எழுத்துகள் உரிமத்திலிருந்து மறைந்தன. அவை குறித்த வேறுபாடு மறையவில்லை. பறப்புக்கு முன் சான்றளிக்கும் பணி இந்தியாவில் வலுவாக வளர்ந்தது. முழுச் சீரமைப்புப் பணியும் ஒருகாலத்தில் இங்கே உறுதியாக இருந்தது. பம்பாயில் ஏர் இந்தியாவும் டெல்லியில் இந்தியன் ஏர்லைன்ஸும் சொந்த எஞ்சின் பட்டறைகளை நடத்தின. பெரும் டர்போஃபேன் எஞ்சின்கள் அவற்றில் கழற்றிச் சீரமைக்கப்பட்டன. 2000க்குப் பின் பெருகிய தனியார் நிறுவனங்கள் குத்தகை விமானங்களையும், எஞ்சின் பராமரிப்பைத் தயாரிப்பாளரிடமே ஒப்படைக்கும் நீண்டகால ஒப்பந்தங்களையும் பெரிதும் சார்ந்தன. எஞ்சின் இறக்கையிலிருந்து கழற்றப்பட்டதும் கப்பலிலோ சரக்கு விமானத்திலோ வெளிநாடு சென்றது. உள்நாட்டுப் பராமரிப்புக்கு விதிக்கப்பட்ட 18 விழுக்காடு சரக்கு சேவை வரி 2020இல்தான் 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது.

இதன் விலை 2023இல் தெரிந்தது. பிராட் அண்ட் விட்னியின் புதிய தலைமுறை எஞ்சின்களில் ஏற்பட்ட சிக்கல்களால் உலகெங்கும் விமானங்கள் தரையில் நின்றன. அவ்வாண்டு மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் எஞ்சின் கிடைக்காமையைக் காரணம் காட்டி நொடிப்பு நடவடிக்கைக்குச் சென்றது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் இண்டிகோவின் எழுபதுக்கு மேற்பட்ட விமானங்கள் பறக்காமல் நின்றன. இந்தியப் பணியாளர்களால் அந்த எஞ்சின்களைக் கழற்றவும் பொருத்தவும் முடியும். அவற்றின் சுழல்தட்டுகளைத் திறந்து சோதித்துத் தகுதிச் சான்று அளிக்கும் பட்டறைகளுக்கு முன்னால் உலகளாவிய வரிசை நின்றது. ஹைதராபாதில் லீப் எஞ்சின்களுக்கெனச் சஃப்ரான் நிறுவனம் அமைத்துள்ள பராமரிப்பு நிலையம் போன்ற முயற்சிகள் இந்தப் பின்னணியில் பொருள் பெறுகின்றன. அவை எத்தனை பேருக்கு வேலை தரும் என்பதே பொதுவாகக் கேட்கப்படுகிறது. அங்கே பயிலும் தொழிலாளர் எந்த நிலை வரை சான்றளிக்கும் அதிகாரம் பெறுவர் என்பதையும் கேட்க வேண்டும்.

1934ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. தொண்ணூறு ஆண்டுக்கால உரிம வரலாறு ஒன்று இதனோடு ஆவணக்காப்பகத்துக்குரியதாகிறது. ஆய்வாளர்களுக்கு இங்கே அவசரமான பணி உண்டு. எஞ்சின் பதிவேடுகள் எஞ்சினின் ஆயுளோடு முடிபவை. சட்டம் வரையறுத்த காலத்துக்குப் பின் அழிக்கப்படக்கூடியவை. அவற்றின் ஒவ்வொரு வரியிலும் நாள், செய்த வேலை, கையொப்பம், உரிம எண் உள்ளன. ஒரு தொழிலாளர் வர்க்கம் தன் கைப்படத் தன் பெயரையிட்டு எழுதிவைத்த ஆவணம் இந்தியத் தொழில் வரலாற்றில் அரிது. பறக்கும் சங்கங்களின் கிடங்குகளிலும், ஓய்வுபெற்ற பணியாளர்களின் வீட்டுப் பெட்டிகளிலும், பயிற்சிக் கழகங்களின் சேர்க்கைப் பதிவேடுகளிலும் எஞ்சியிருப்பவற்றைத் தொகுத்து, பெங்களூர், கான்பூர், சுனாபேடா, தாம்பரம் ஆகிய இடங்களின் மூத்த ஃபிட்டர்களிடம் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்தால், யார் கற்றார்கள், யார் கையொப்பமிட்டார்கள் என்னும் இரு கேள்விகளுக்கும் பெயர்களோடு விடை எழுத முடியும்.